நடு ஹாலில் ஆறரை அடி

இராஜம்மா செத்தபிறகு கிடக்கப்போகும் இடத்துக்கு விலை ஒன்பதாயிரத்து நானூறு வெள்ளி. நீளம் ஆறரை அடி, அகலம் இரண்டரை அடி, உபயோகம் ஒரே ஒரு நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அந்தப் பணத்துக்கு மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் கிடைக்கும். இராஜம்மாவுக்குக் கார் வேண்டியிருக்கவில்லை.

விலை படிந்தது அழகேசனின் மேசையில். அழகேசன் வீடுகளுக்குப் பிளான் வரைகிறவன். பசார் பக்கத்தில், சீனர் காப்பிக்கடை மாடியில் அவன் ஆபீஸ். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இராஜம்மாவின் ஒரே மகன் உமாபதியும், மருமகள் அம்சவள்ளியும், நடுவில் இராஜம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

உமாபதி செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி. பாசிர் பெனாம்பாங் போகும் சாலையில் அறுபதுக்குத் தொண்ணூறில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தான். பேங்க் முப்பதாயிரம் கடன் தருவதாகச் சொல்லிவிட்டது. வீடு எழும்ப இன்னும் ஒன்பது, பத்தாயிரம் துண்டு விழுந்தது. அதே சமயத்தில்தான் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டிய இராஜம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. சேமநிதிப் பணம் ஒன்பதாயிரத்து நானூறு கைக்கு வரும். லயத்து வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். பணமும் கிழவியும் ஒரே மாதத்தில் வந்து இறங்கினார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வழியில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவள் அம்சவள்ளி. அவள் சபாக் ஊர் மளிகைக் கடைக்காரர் மகள். தராசு முள் நிற்பதற்குள் பொட்டலத்தைக் கட்டிவிடுகிற குடும்பம். முன்னால் ஹாலும் மூன்று அறையுமாகப் பெரிய வீடு, அதன் முதுகில் ஒட்டினாற்போல ஓர் அறையும் சின்ன சமையல்கட்டும் குளியலறையுமாகத் தனி வீடு என்ற யோசனை அவளுடையது. புருஷனிடம் அதை 'அத்தைக்கு' என்று சொன்னாள். அழகேசனிடம் தனியாக, "பின்னால வாடகைக்கு விடற மாதிரி வரைங்க" என்று சொல்லியிருந்தாள்.

"இதுதாம்மா ஒன் வீடு," என்று உமாபதி தாளில் விரல் வைத்துக் காட்டினான். "தனி ரூமு, தனி அடுப்படி, தனி வாசல். யாரு தயவும் வேணாம், ராணி மாதிரி இருக்கலாம்."

இராஜம்மாவுக்கு எழுத்துப் படிக்க வராது. கோடு பார்க்க வரும். தாளை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நான் செத்தா எங்க கிடத்துவீங்க?"

அழகேசன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். "பெரியம்மா, சாமி ரூமு கேப்பாங்க, ஸ்டோர் ரூமு கேப்பாங்க. கவுன்சில்ல இதுக்கு ரூலே இல்ல லா."

"ரூமு கேக்கல தம்பி. எடம் கேக்கறேன்."

"ஏன் அத்தை, உங்களுக்குன்னு தனி வீடே இருக்கே," என்றாள் அம்சவள்ளி.

"அங்க கட்டில் போட்டா மிச்ச எடத்துல ஒரு பூனைதான் படுக்கலாம். வாசலு எதைப் பாக்குது? பின்னால ஓடற லோங்காங்கைப் பாக்குது. சாக்கடை பாத்த வாசல் வழியா குப்பைதான் போவும்."

அவளுக்கு இதில் அனுபவம் உண்டு. புருஷன் சன்னாசி செத்தபோது லயத்து முன்னறையில் பெட்டி நுழையவில்லை. வெளியே தார்ப்பாய் கட்டி அதன் கீழே கிடத்தினார்கள். நல்ல மழை. அடுத்த வீட்டுக் கோழி ஒன்று நனையாமலிருக்கப் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டது. மாலை போட வந்த மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர், முதலில் கோழியை விரட்டினார், பிறகுதான் மாலையைப் போட்டார். பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கியதை இராஜம்மா பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அதிலிருந்து அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

"நடு ஹால்ல, தெக்க தலை வச்சு, மேல காத்தாடி ஓட, சனம் சுத்தி உக்காந்து அழுவணும். தூக்கறப்ப முன் வாசல். சாய்க்காம, ஒருக்களிக்காம, நேரா போவணும். இதுக்கு எவ்வளவு?"

"என்னாம்மா, பெத்த தாய்க்கு எவ்வளவுன்னு..." என்று உமாபதி ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் அம்சவள்ளி அவன் காலை மிதித்தாள். விலை கேட்டு வந்த ஆளிடம் இனாம் என்று சொல்கிறவன் கடை வைத்துப் பிழைக்க மாட்டான்.

"எவ்வளவு தர்றீங்க, அத்தை?"

"ஆறாயிரம். மிச்சம் என் கைல இருக்கட்டும், மருந்து மாத்திரைக்கு."

"ஆறாயிரத்துக்கு வாசப்படி வரைக்கும் வரலாம். ஹாலுக்குள்ள வர முடியாது."

"ஏழு."

"அத்தை, மூணடிக் கதவுல பெட்டி போவும், பெட்டியத் தூக்கற ஆளு போவ முடியாது. நாலரை அடி ரெட்டைக் கதவு போடணும். செங்கால் மரம் என்ன வெலை விக்குதுன்னு மரக்கடைத் தவுக்கே கிட்ட கேட்டுப் பாருங்க."

"எட்டாயிரம். காத்தாடியும் சேத்து."

"இருக்கறதெல்லாம் குடுத்துடுங்க. ரெட்டைக் கதவு, காத்தாடி, டெராசோ தரை. மருந்தை நாங்க பாத்துக்கறோம்."

இராஜம்மா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். மீன்காரனிடம் ஐந்து காசுக்கு அரை மணி நேரம் நிற்கிறவள் இதில் தோற்றாள். மீனை வேண்டாம் என்று விட்டு நடக்கலாம். இதை விட்டு நடக்க அவளுக்கு வேறு கடை இல்லை.

"சரி."

"ஒரு நாள் தங்கறதுக்கு ஒம்பதாயிரத்து நானூறு," என்றான் அழகேசன். "கோலாலம்பூர் ஓட்டல்ல கூட இந்த ரேட் இல்ல பெரியம்மா. அங்க காலையில ரொட்டியாவது தருவான்."

யாரும் சிரிக்காததால் அவன் ஸ்கேலை எடுத்து ஹாலின் நடுவில் ஒரு நீளக் கட்டம் போட்டான். கவுன்சில் ஆபீசர் பிற்பாடு அது என்னவென்று கேட்டபோது, 'சோபா' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உமாபதி எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். உள்ளங்கை சுட்டுவிட்டது. இரண்டு நாள் பற்பசை தடவிக்கொண்டு வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் பணம் அவன் கணக்குக்கு மாறியது.

வீடு எழும்பியது. பால் காய்ச்சிய அன்றைக்கு ஆலையிலிருந்தும் சபாக்கிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். ஐயர் எழுந்துபோன கையோடு இராஜம்மா நடு ஹாலுக்கு வந்தாள், புதுப் புடவையை ஒதுக்கிக்கொண்டாள், தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்தாள். கைகளை மார்மேல் கோத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

ஒரு குழந்தை வீறிட்டது.

இராஜம்மா ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். "காத்தாடி கொஞ்சம் மேற்க தள்ளி மாட்டிட்டான்யா. மூஞ்சிக்கு நேரா வரல."

தோட்டத்துச் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்சவள்ளியின் அம்மா சாப்பிடாமலே சபாக்குக்கு பஸ் ஏறினாள்.

அம்சவள்ளி அடுத்த சம்பளத்துக்கு சிவப்பு ரெக்சின் சோபா ஒரு செட் வாங்கி அந்த இடத்தின் மேலேயே போட்டாள். அதற்கும் பலனில்லை. யாராவது வந்து உட்கார்ந்தால் பின்வீட்டிலிருந்து இராஜம்மா மெதுவாக நடந்து வருவாள். "உக்காருங்க தம்பி, உக்காருங்க. காலை மட்டும் இந்தப் பக்கம் வச்சுக்குங்க. அது என் தலைமாடு." ஆலை மேனேஜர் ஒரு தீபாவளிக்கு வந்தவர், விஷயம் இன்னதென்று தெரிந்ததும் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார், கார் வரைக்கும் அந்த முறுக்கு அவரோடு போயிற்று. அதன்பின் ஊரில் அதற்கு 'இராஜம்மா ஹால்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கடன் தீர இருபது வருஷம் இருக்கிற வீட்டில், டிவி பார்க்கிற இடத்துக்குக் கிழவியின் பெயர்.

"செத்தபின்னாடி ஒரு நாளுன்னுதானே பேச்சு?" என்று அம்சவள்ளி உமாபதியிடம் கேட்டாள். "உசுரோட தெனமும் கிடக்கறாங்களே, இதுக்கு யாரு காசு குடுத்தா?"

எண்பத்தாறில் இராஜம்மா சர்க்கரை முற்றி, வலது கால் கறுத்து, பின்வீட்டுக் கட்டிலோடு கிடந்தாள். மருந்துக்குச் செலவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுத்தார்கள். அவள் இன்னும் கட்டிலில் இருக்கையிலேயே அம்சவள்ளி ஒரு டீச்சரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினாள். உலு யாமிலிருந்து மாற்றலாகி வந்த பெண், பெயர் புஷ்பவள்ளி. உள்ளே நுழைந்தவள் கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"பரவால்ல, வாங்க," என்றாள் அம்சவள்ளி. "ஜன்னல் பாருங்க. காத்து நல்லா வரும். இவங்க... அடுத்த மாசத்துக்குள்ள காலியாயிடும்."

டீச்சர் ஜன்னலைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வாடகை எவ்வளவு சொன்னா, டீச்சர்?"

"நூத்தி அறுபதும்மா."

"நூத்தி முப்பதுக்குக் கேளு. குளிக்கற ரூமுல கூரை ஒழுவுது."

அம்சவள்ளி சிரித்துக்கொண்டே டீச்சரை வெளியே கூட்டிப்போனாள். அன்று மத்தியானக் கஞ்சி மூன்றரை மணிக்குத்தான் பின்வீட்டுக்குப் போயிற்று, உப்பில்லாமல்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிவாக்கில் அம்சவள்ளி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனபோது இராஜம்மா செத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண், ஜன்னலுக்கு வெளியே எதையோ விலை கேட்பதுபோல் இருந்தது. அம்சவள்ளி கிண்ணத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். குறை சொல்லக் கூடாது, அதைப் பக்குவமாகத்தான் செய்தாள்.

பிறகு முன்வீட்டுக்குப் போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். அப்பா கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற காலண்டர். நாள் நட்சத்திரம் எல்லாம் போட்டிருக்கும். திருவோணம், பகல் ஒன்றே முக்கால் வரை. பிறகு அவிட்டம்.

கடைக்காரர் பிள்ளைகளுக்கு அவிட்டம் தெரியும். சபாக்கில் அவர்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சாவு அந்த நட்சத்திரத்தில் விழுந்தது. அடைப்பு என்பார்கள். அந்த நட்சத்திரத்தில் போன உயிர் வந்த வழி பார்த்துத் திரும்பும், கூட ஆளை அழைக்கும். அதனால் பிணத்தை வீட்டு நடுவில் கிடத்தக்கூடாது, வாசல் வழியாக எடுக்கக்கூடாது. செத்த அறையின் சுவரை உடைத்து அந்த வழியாக வெளியேற்றி, ஓட்டையை அடைத்து, அறையை ஆறு மாசம் பூட்ட வேண்டும்.

அம்சவள்ளி பின்வீட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு முக்காலியைப் போட்டு அதன் முன்னே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாகமணி எட்டிப் பார்த்தாள். அவளும் ஏழாங்கட்டைத் தோட்டத்துக்காரிதான். "அக்கா எப்படி இருக்காங்க?"

"இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தாங்கக்கா. நல்ல தூக்கம்."

"எழுப்பாத. தூங்கட்டும் பாவம்."

"நான் எங்க எழுப்பறேன்."

ஒரு மணிக்கு உமாபதி சாப்பாட்டுக்கு வந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே போனவன் அம்மாவின் பாதத்தைத் தொட்டான். தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எப்ப?"

"ஒண்ணே முக்காலுக்கு அப்புறம்," என்றாள் அம்சவள்ளி.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் காலண்டர் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் வைத்திருந்தாள். அதை எடுத்து அவனிடம் கொடுத்தாள். படித்துப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு சிகரெட் ஆயிற்று.

"கற்பூரத்துல அடிச்சுக் குடுத்தேன், அம்சா."

"யாரு இல்லன்னா? நீங்களா மாட்டேன்னு சொல்றீங்க? நட்சத்திரம் சொல்லுது."

"அம்மா பணம்..."

"பணம் செவுத்துல இருக்கு, எங்கயும் போவல. நாளைக்கு நம்ம புள்ளைங்க ஓடியாடற ஹாலு அது. பொணம் கிடந்த எடத்துல நான் சோபா போட்டு உக்காரணுமா? ஊரு பேரு வச்சதுலயே மானம் போச்சு. நெசமாவே கிடத்திட்டா அப்புறம் ஆயுசுக்கும் அது ராஜம்மா ஹாலுதான்."

அவள் காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் கேட்டது இது:

"அடைப்புன்னா ஆறு மாசம் பூட்டி வைக்கணும் லா. டீச்சர் அட்வான்ஸ் குடுத்திருக்கே?"

அம்சவள்ளி கத்தியைக் கீழே வைத்தாள். இனி பயமில்லை. விலை கேட்டுவிட்டான் என்றால் வாங்கப்போகிறான் என்றுதான் அர்த்தம்.

"அதை நான் பேசிக்கறேன். நீங்க சாப்பிடுங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் சாப்பிட முடியாது."

உமாபதி சாப்பிட்டான். சோறு கொஞ்சம் மிச்சம் வைத்தான். இரண்டு மணிக்கு அம்சவள்ளி தலைமுடியை அவிழ்த்துவிட்டு முதல் குரல் கொடுத்தாள். உமாபதியும் அழுதான். அவன் அழுகை பொய்யில்லை. முக்கால் மணி நேரமாக அடக்கி வைத்திருந்தது.

தோட்டத்திலிருந்து இருசப்பன் வந்தார். சாவுக் காரியம் செய்கிறவர், சன்னாசியை எடுத்ததும் அவர்தான். வந்தவர் நேரே ஹாலுக்குப் போய் சோபாவை நகர்த்தச் சொன்னார். "அக்காவுக்குப் பேசி வச்ச எடம். எல்லாருக்கும் தெரியும்."

"நேரம் பாத்துட்டீங்களாண்ணே?" என்று அம்சவள்ளி விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு."

இருசப்பன் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துத் தாள் தாளாகத் தள்ளினார். தள்ளிய கை நின்றது. "அவிட்டமாச்சே."

"ஐயோ, அத்தை!" அம்சவள்ளி தரையில் விழுந்தாள். "இந்த வாசலுக்காகவே உசுரைப் புடிச்சு வச்சிருந்தீங்களே! கால் மணி நேரம் முந்திப் போயிருக்கக் கூடாதா!"

பெண்கள் அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இப்படி அழுகிற மருமகள் எத்தனை வீட்டில் உண்டு என்று நாகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கின கதையை அவளே வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். தூக்கத்திலேயே போன புண்ணியவதி.

இருசப்பன் சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொன்னார்.

மறுநாள் மூன்று மணிக்கு எடுத்தார்கள். பின்வீட்டு அறையில் நான்கு பேருக்கு மேல் நிற்க முடியவில்லை. மற்றவர்கள் லோங்காங் ஓரத்தில் வரிசையாக நின்று, ஒருவர் வெளியே வந்ததும் ஒருவராக உள்ளே போய்ப் பார்த்தார்கள். இருபது வெள்ளிக்கு வந்த கூலியாள் சம்மட்டியால் பின்சுவரை உடைத்தான். அழகேசன் வந்திருந்தான். தான் வரைந்த சுவர் உடைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூண் பக்கம் போவாத, தூண் பக்கம் போவாத," என்று மட்டும் சொன்னான்.

ஓட்டை இரண்டடி அகலம். அதற்கு மேல் உடைத்தால் அடைக்கிற செலவு கூடும் என்று அம்சவள்ளி சொல்லியிருந்தாள். பெட்டி நேராக வரவில்லை. ஒருக்களித்துச் சாய்த்துத் தள்ளினார்கள். உள்ளே இராஜம்மா ஒரு பக்கமாகச் சரிந்தது வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது. சாக்கடைக்குக் குறுக்கே போட்ட இரண்டு பலகையில் வழுக்காமலிருக்க ஆட்கள் கீழே பார்த்தபடியே தூக்கிப் போனார்கள். முன்னால், நாலரை அடி செங்கால் மரக் கதவு இரண்டும் பூட்டியிருந்தன. பிணம் போகிறபோது திறந்திருக்கக்கூடாது.

அன்று மாலையே அம்சவள்ளி இருசப்பனுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள்.

"அண்ணே, அடைப்பு எத்தனை மாசம்?"

"அவிட்டத்துக்கு ஆறு மாசம்மா. பூட்டி வெளக்கு வைக்கணும்."

"ஆறு மாசம் லாஸு தாங்க முடியாதுண்ணே. சம்பளக்காரவுங்க நாங்க. பரிகாரம் இருக்கும்ல?"

"இருக்கு. கோயிலுக்கு வெண்கல வெளக்கு, அன்னதானம். மூணு மாசமா கொறைக்கலாம்."

"ஐம்பத்தோரு வெள்ளி கட்டிடறேன். கருமாதி அன்னைக்கு முடிச்சுக் குடுங்க."

இருசப்பன் காப்பியை ஆற்றினார். முன்வாசலில் இம்மி அசையாமல் நின்ற சாஸ்திரம் பின்வாசலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. ஆறு மாசம் சுருங்கிப் பதினாறு நாளாயிற்று.

பதினேழாம் நாள் டீச்சர் புஷ்பவள்ளி டிரங்குப் பெட்டியோடு வந்தாள். சாவு விழுந்த அறை, புதுச் சிமெண்டு பூசிய சுவர், குளியலறையில் ஒழுகுகிற கூரை என்று காரணங்கள் சொல்லி நூற்று முப்பதுக்குக் கேட்டாள். நூற்று நாற்பத்தைந்தில் படிந்தது. துக்கம் முடியும் வரை தரையில் உட்கார்ந்திருந்த உமாபதி அன்று ராத்திரி பேட்மிண்டன் ஆட்டம் பார்க்க சோபாவில் ஏறி உட்கார்ந்தான். முதல் செட் முடிவதற்குள் காலை நீட்டிக்கொண்டான்.

இராஜம்மா கொடுத்தது ஒன்பதாயிரத்து நானூறு வெள்ளி. அவள் பேரில் செலவானது: பெட்டி முந்நூற்றைம்பது, வேன் அறுபது, இருசப்பனுக்கும் காரியத்துக்கும் எண்பது, சுவர் உடைத்தவனுக்கு இருபது, அடைக்கச் செங்கல் சிமெண்டு முப்பத்தைந்து, பரிகாரம் ஐம்பத்தொன்று. மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. சரக்கு, ஆறரைக்கு இரண்டரை அடி, ஒரு நாளைக்கு: கொடுபடவில்லை. பாக்கி எண்ணாயிரத்து எண்ணூற்று நான்கு வெள்ளி.